சுவருக்குள் ஓடிய வெந்நீர்

போன வாரம் முன்னறைச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்த மேஸ்திரியின் உளி, இரும்பில் பட்டு ணங்கென்றது. "என்னங்க இது, சுவத்துல வெறுங்குழா? தண்ணியும் வல்ல. அறுத்துடட்டுங்களா?" என்றார். "சுவத்த இடிச்சாலும் இடிங்க, குழாயில கை வைக்காதீங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். உதிர்ந்த காரையில் துருவாடையோடு பருத்திமார் விறகின் புகையும் அடித்தது எனக்கு. இத்தனை வருஷம் கழித்து எப்படி அடிக்கும் என்று கேட்காதீர்கள். என் மூக்கு யார் பேச்சையும் கேட்காது, என்னைப் போலவே.

பெரம்பலூர்ப் பக்கம் வீட்டைச் சூடாக்கக் குழாய் போட்டோம் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். சித்திரையில் ஓடு வெந்துபோகிற ஊர். ஆனால் மார்கழியில் பச்சைமலைக் காற்று இறங்கினால் எலும்பைத் தொடும். அப்படி ஒரு மார்கழியில்தான் என் மகள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா, "கதகதப்பா வச்சுக்கம்மா, புகை மட்டும் ஆவாது" என்றார்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் கட்டிலடியில் நெருப்புச்சட்டி வைப்பது வழக்கம். என் நாத்தனார் வைத்தார். பிள்ளை இருமி இருமி நீலம் பாய்ந்தது. சட்டியைத் தூக்கிப்போய் வாசலில் கவிழ்த்தேன். "பச்ச ஒடம்புக்காரிக்கு இவ்ளோ திமிரு ஆவாதும்மா" என்றவர், போகிறபோக்கில், "பேரு கீரு வச்சுப்புடாதீங்க. மொதல்ல தங்குதான்னு பாப்போம்" என்றார். அந்தச் சொல்லுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். கொல்லையில் குளிக்க வெந்நீர் போடும் அடுப்பின்மேல் ஒரு டிரம்மை ஏற்றினார். அதிலிருந்து இரும்புக் குழாயைச் சுவர் வழியே உள்ளே விட்டு, நாங்கள் படுத்திருந்த முன்னறையைச் சுற்றி, மறுபடி டிரம்முக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். "சூடான தண்ணி மேல ஏறும், ஆறுனது கீழ எறங்கும். மோட்டாரே வேணாம்" என்றார், மோட்டாரால் பிழைக்கிறவர்.

முதல் நாள் குழாயில் காற்று அடைத்து டக், டக் என்று தட்டியது. பேய் தட்டுகிறதென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வேப்பிலையோடு வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் மேல்வளைவில் சின்னக் குழாய் ஒன்றை நிமிர்த்தி வைத்ததும் காற்று சீறிக்கொண்டு போனது. பருத்திமார் சடசடவென்று எரிந்து அடங்கிவிடும் என்று கருவேலங்கட்டையைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் குழாய் சுட்டது. அறையில் புகை இல்லை. பிள்ளையின் பாதம் முதல்தடவையாகச் சில்லென்று இல்லாமல் இருந்தது. நல்ல நேரம்கூடப் பார்க்காமல் அப்போதே அவள் காதில் மூன்று தடவை சொன்னேன், மலர்க்கொடி என்று.

அந்த அடுப்பு இருந்த இடத்தில் இப்போது வாஷிங் மெஷின் நிற்கிறது. டிரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. குழாய் மட்டும் பிறகு போட்ட பூச்சுக்குள் மறைந்து கிடந்தது. பருத்தி போட்ட காடெல்லாம் மக்காச்சோளம். மேஸ்திரி முணுமுணுத்தபடி குழாயை விட்டுவிட்டுப் பூசினார்.

மலர்க்கொடி டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாத்தனாருக்கு இளைப்பு. மாத்திரை தீர்ந்தால், தெருமுனையிலிருந்தே "மலர்க்கொடி, ஏ மலர்க்கொடி" என்று மூச்சு வாங்கக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். மகள் காதில் விழுந்தாலும், உடனே போகாதே என்று அவளுக்குக் கண்ணைக் காட்டுவேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும்.