பிக்ஃபுட் தேடிய எங்கள் பக்கத்து வீட்டு வால்ட்டர் சார்

வால்ட்டர் சார் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் வந்து கதவைத் தட்டினாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது... கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

நான் அமெரிக்காவில் இந்த டப்ளினுக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீடு. ரிட்டயர் ஆகும்வரை இதே ஊரில் வீடு வீடாகத் தபால் போட்டவர். எழுபது தாண்டியும் என்னைவிட வேகமாக நடப்பார்.

கோவிலில் என்னைப் பார்த்தால், "என்ன ஆன்ட்டி, உங்க காட்டு மனுஷன் ஆப்ட்டானா?" என்று கேட்பீர்களே... அதைத் தேடியவர் இவர்தான்.

இங்கே அதை பிக்ஃபுட் என்கிறார்கள். ஆளைவிட உயரம், உடம்பெல்லாம் முடி, மலைக்காட்டில் இரண்டு காலில் நடக்குமாம்.

வால்ட்டர் சார் பத்தொன்பது வயதில் அப்பாவோடு மீன் பிடிக்கப் போனபோது ஆற்றுக்கு அக்கரையில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், வாயைத் திறக்காதே என்றாராம் அப்பா.

சாவதற்குள் இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

என் பேத்தி நிலாவுக்குப் பதிமூன்று வயதில் இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. அவரோடு மலைக்குப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். பாட்டி கூடப் போனால் சரி என்றான் என் மகன். நான் எங்கே போகப்போகிறேன் என்ற தைரியம் அவனுக்கு...

போனேன். புளியோதரை கட்டிக்கொண்டு, ஆறு மணி நேரம் வடக்கே டிரைவ். அவரும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும், நானும் நிலாவும். டென்ட்டில் படுக்கை.

மறுநாள் விடிந்ததும் ஓடையில் முகம் கழுவினேன். மரங்களுக்கு மேலே சூரியன் வந்தது. ஷூவோடு நின்று கும்பிட முடியுமா? கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் நாலடி நடந்துபோய் நின்று கும்பிட்டேன். திரும்பும்போது கொஞ்சம் வழுக்கியது. அவ்வளவுதான்.

காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்... ஓடைப் பக்கம் ஒரே கூச்சல்.

காலடித்தடம்.

வழுக்கியதில் நீண்டிருந்தது, ஆனாலும் சின்னதுதான். குட்டியாக இருக்கும் என்றார் ஒருவர். குட்டி இருந்தால் தாயும் இருக்குமே என்றார் இன்னொருவர்.

வால்ட்டர் சார் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கின்றன, இது ஷூவே காணாமல் வளர்ந்த கால் என்றாராம். நிலா தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னாள்.

அவர் சொன்னது சரிதான். நான் செருப்பு போட்டதே கல்யாணத்துக்கு அப்புறம்தான். ஷூ, அமெரிக்கா வந்த பிறகு.

ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது உறைக்கவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்...

பிளாஸ்டர் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தார்கள். காய்ந்ததும் தூக்கிப் பார்த்தால், இரண்டாவது விரலில் வளையம் மாதிரி ஒரு தடிப்பு. ஏதோ அடிபட்ட குட்டி, பாவம் என்று பேசிக்கொண்டார்கள்.

நிலா என் காலைப் பார்த்தாள். ஷூவுக்குள்ளே மெட்டி.

"பாட்டி, டோன்ட் டெல் ஹிம். ப்ளீஸ். லுக், ஹி இஸ் க்ரையிங்," என்று காதோடு சொன்னாள்.

ஆமாம், அழுதுகொண்டுதான் இருந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்.

எனக்கும் வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டால் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். ஆனால் இத்தனை வருஷம் தேடிய மனுஷன் கடைசியில் என் காலையா கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

ஷூவைக் கழற்றினேன். அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே என் பாதத்தை அழுத்தி எடுத்தேன்.

"சாரி சார். மை ஃபுட். மார்னிங்... சன்... ப்ரேயர்," என்று கையைக் கூப்பிக் காட்டினேன். எனக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

ஒருவர் எழுந்து டென்ட் பக்கம் போய்விட்டார்.

வால்ட்டர் சார் இரண்டு தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலாவிடம் ஏதோ சொன்னார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் இல்லாததை இருக்கிறது என்று அவரிடம் கொண்டுவந்திருக்கிறார்களாம். இல்லை என்று சொல்ல வந்த முதல் ஆள் நான்தானாம்.

அடுத்த ட்ரிப்புக்கும் பாட்டியைக் கூட்டி வா, ஷூவைக் கழற்றினால் மட்டும் முதலிலேயே சொல்லச் சொல் என்றாராம்.

அதற்குப் பிறகு ஆறு தடவை போயிருக்கிறோம். நிலா இந்த வருஷம் காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்கக் காலேஜ் போகிறாள். கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்டவர்களுக்கு நானே சொல்லிவிட்டேன்... இல்லை, என் பேத்தி கரடி படிக்கப் போகிறாள்.

போன மாதம் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். மலையில் மரத்தில் கட்டியிருக்கும் கேமராவில் விழுந்த படங்களை நிலா எடுத்துவந்து, லேப்டாப்பை அவர் மடியில் வைத்துக் காட்டினாள்.

ஒரு படத்தில், மரத்துக்குப் பின்னால், கறுப்பாக... உயரமாக... இரண்டு காலில்.

முருகா, இதுவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் யார் மறுத்திருப்பார்கள்?

மூக்கில் குழாயோடு தலையைத் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேர்," என்றார். "லுக் அட் தி இயர்ஸ்."

கரடிதான். காது தெரிந்தது.

நிலா முகம் தொங்கிவிட்டது. அவர் முகம் தொங்கவில்லை. படத்தின் மூலையில் விரலை வைத்தார். அங்கே புதருக்கு நடுவில் மேலே ஏறும் ஒரு வழி... நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. கேமராவை அந்தப் பக்கம் திருப்பு, பனி உருகினதும் போ என்றார். நிலா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்குப் பிரார்த்தனை. தெரிந்தவர்கள் வாருங்கள்.

அடுத்த வாரம் நானும் நிலாவும் கிளம்புகிறோம். லைசென்ஸ் வாங்கிவிட்டாள், அவள்தான் டிரைவ். மலையில் பனி உருகிவிட்டதாம்.

போய் வாருங்கள் சார். கேமராவைத் திருப்பி வைத்துவிடுகிறோம்.