ஆக்வர்டு என்றால் என்ன என்று போனில் தேடிய நாள்

மெஷினில் ஊற்றும் கூலன்ட் ஆயில் வாசனை எந்தச் சோப்புக்கும் கையை விட்டுப் போகாது. அந்தக் கையோடுதான் நானும் தினேஷும் செங்கல்பட்டு ரூமில் ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்போம். டிப்ளமோ முடித்து ஒரே கம்பெனியில் சேர்ந்தவர்கள். எச்சில் பார்த்ததே இல்லை...

ஒரு ஆடி மாதம், ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று ரூம் பசங்க எங்கள் மூன்று பேரையும் படாளம் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான் தினேஷ்.

அவன் அம்மா சிரித்த முகமாகத்தான் இருந்தார். "வெயில்ல வந்துகினு கீறீங்களே, உக்காருங்கப்பா" என்றார். ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டார். நான் செய்யூர் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்கதான் எங்க நாத்தனார குட்த்துகீறோம். நீ ஏரிக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அந்தாண்டம்மா. காலனி."

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா உள்ளே போனார்.

மோர் வந்தது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் பேப்பர் கப்.

மோர் நன்றாகத்தான் இருந்தது. குடித்த கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் கிளம்பும்வரை கையிலேயே வைத்திருந்தேன்...

திரும்பும்போது தினேஷ் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஜி.எஸ்.டி. ரோடு. தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"மச்சான்... கொஞ்சம் ஆக்வர்டா பூட்ச்சு இல்ல?"

அந்த வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. ரூமுக்கு வந்து போனில் தேடினேன். சங்கடம், தர்மசங்கடம் என்று போட்டிருந்தது. விருந்தில் ஒருவர் பெயர் மறந்துபோனால் வருவதாம். உதாரணம் வேறு.

நான் குவாலிட்டியில் வேலை பார்ப்பவன். பார்ட்டில் துளை பெரிதாகிவிட்டால் பெரிது என்று எழுதி ரிஜெக்ட் போடுவேன். 'ஒரு மாதிரி ஆகிவிட்டது' என்று ரிப்போர்ட் எழுதினால் மூஞ்சியிலேயே விட்டெறிவார்கள். 'எங்கம்மா செஞ்சது தப்பு மச்சான்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவன் வாயில் அது வரவில்லை. அதற்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை கிடைத்துவிட்டது.

சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே வரவில்லை. பரோட்டா தனித்தனிப் பார்சலாக வர ஆரம்பித்தது. பிறகு ரூமும் தனித்தனி.

அவன் கல்யாண ரிசப்ஷன் மாமல்லபுரத்தில், கடலோர ரிசார்ட்டில். ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். போன் போட்டேன்.

"இன்னாடா, என்னைக் கூப்புடல?"

"சொந்தக்காரங்க அல்லாம் வந்தாங்க மச்சான்... உனக்குத்தான் ஆக்வர்டா இருக்கும்னு..."

எனக்காம்.

அதுதான் அவனோடு பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது வேறு கம்பெனி. ஏசி, காபி மெஷின், மேனேஜர் முதல் எல்லோருக்கும் பேப்பர் கப். யாரும் ஏரிக்கு எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. நானும் யாரோடும் ஒரே தட்டில் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோகிறேன்.

போன வாரம் பக்கத்து சீட்டுக்காரன் கேட்டான். "இன்னா அண்ணாத்த, கப்புல குட்ச்சா இறங்காதா?"

சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். படாளம், மோர், எல்லாம்... நல்ல பையன். நேற்றுதான் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினான். ஆனால் அவன் எந்தாண்ட என்று எனக்குத் தெரியாது.

"ஒன்னுமில்லப்பா," என்றேன். "கொஞ்சம் ஆக்வர்டா இருக்கும்."