கண்ணில் விழுந்த சுண்ணாம்பு

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எனக்கு நல்ல மதிப்பெண். சுண்ணாம்பு காரம், சாப்பாட்டு உப்பு நடுநிலை, அலுமினியம் ஹைட்ராக்சைடு அமிலத்தோடும் சேரும் காரத்தோடும் சேரும், அதனால் ஈரியல்பு. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். படித்து என்ன கிழித்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மரக்காணத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. மழை முடிந்து சீசன் தொடங்கும் முன் கொட்டகைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார் மேஸ்திரி. உப்புத் தண்ணீரில் கலக்கினால் சுவரில் உப்புப் பூத்துவிடும் என்று, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரையும் சேர்த்து டிரம்மில் ஊற்றிவிட்டோம். என் வீட்டுக்காரர் அதில் கல் சுண்ணாம்பைக் கொட்டினார். அது கொதித்துத் தெறித்தது, நேராக அவருடைய இரண்டு கண்ணிலும்.

"எரியுதுடி... ஐயோ, எரியுது!"

எங்களுக்குக் கண்ணெரிச்சல் புதிதில்லை. தினமும் உப்புத் தண்ணீர் தெறிக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் கண்ணீரே கழுவிவிடும். அவரும் பழக்கத்தில் அப்படியே மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூடிய இமைக்குள் சுண்ணாம்பு அரித்துக்கொண்டிருந்தது. கழுவினால்தான் அடங்கும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்திலேயே வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஓடிப்போய் பக்கெட்டில் மொண்டு வந்தேன்.

மேஸ்திரி என் கையைப் பிடித்தார். "உப்புத் தண்ணியவா ஊத்தப் போற? அறிவிருக்குதா ஒனக்கு? இருக்கிற கண்ணும் போயிடும். நான் பைக்குல போயி நல்ல தண்ணி எடுத்தாறேன், இரு."

வெடித்த காலில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போவது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். "வேணாம்டி" என்று அவரும் கெஞ்சினார். உப்பு எரியும், ஆனால் சுண்ணாம்பு போல அரிக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு சாமியைக் கூப்பிட்டேன். பைத்தியக்காரி.

நல்ல தண்ணீர் வந்து இமையைப் பிரித்தபோது வலது கண் வெளுத்திருந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "அங்கயே ஒடனே கழுவலையா?"

"நல்ல தண்ணி இல்லீங்க. சுத்தி எல்லாம் உப்புத் தண்ணி."

"அதையே ஊத்தியிருக்கலாமேம்மா. எரிஞ்சிருக்கும். ஆனா கண்ணு தப்பிச்சிருக்கும்."

இரண்டு கண்ணிலும் கட்டோடு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் அவர். துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம், ஒனக்கு எப்படித் தெரியும்? விடு, அழாத."

தெரியும் என்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.