யூதாஸ் காத்திருந்த வரி

விண்ணப்பத்தில் எந்தக் காரியம் குறிக்கப்பட்டதோ, அதைத் தவிர வேறெதற்கும் மண்டபத்தைப் பயன்படுத்தக் கூடாது. வாடகை நிபந்தனைகளில் இது தெளிவாகவே இருக்கிறது. பலர் அதைப் படிக்காமல் கையெழுத்திடுவார்கள். நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுவேன். மற்றவர்கள் கடைப்பிடிக்கிறார்களா என்றும் பார்ப்பேன். இலங்கை அரச அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்புகளோடு கிடந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

நடந்தது சென்ற ஆண்டுத் தவக்காலத்தில், ஆக்லாந்து நகரின் கிளென் ஈடன் பகுதியில். சனிக்கிழமை காலைகளில் எங்கள் தமிழ் மூத்தோர் சங்கம் அங்குள்ள சமூக மண்டபத்தில் கூடும். நாங்கள் வெளியேறியதும் பிலிப்பைன்ஸ்காரர்கள் வருவார்கள். செயலாளர் என்ற முறையில் சாவியை அவர்களிடம் கொடுப்பது என் வேலை. அறிவிப்புப் பலகையில் அவர்கள் எழுதியிருந்தது 'பிரார்த்தனைக் கூட்டம்'.

எனக்கு அது பிரார்த்தனையாகத் தெரியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும்; முன்னால் நிற்பவர்கள் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். இடையில் ஒரு துணிப்பை கைமாறும். அதை வாங்கும் பருத்த மனிதர் சுற்றுமுற்றும் பார்ப்பார். ஜன்னலருகே என்னைக் கண்டால் சட்டென்று திரும்பிக்கொள்வார். தலைவி மறைந்திருந்து சொல்கிறாள், சீடர்கள் ஒப்பிக்கிறார்கள், பை கைமாறுகிறது. ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரமேதான் என்று முடிவு கட்டி, மண்டபத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பருத்த மனிதர் நேராக என்னிடம் வந்தார். புகாரின் வாசம் பட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி, "சேர், நான்தான் யூதாஸ்" என்றார்.

அவர்கள் ஒத்திகை பார்த்தது செனாக்குலோ. இயேசுவின் பாடுகளை அவர்கள் நாட்டில் புனித வாரத்தில் நடிக்கும் நாடகம். அதில் வேடம் போடுவது பலருக்கு நேர்த்திக்கடன். இவருடைய மனைவி கடுமையாக நோயுற்றபோது, அவள் பிழைத்தால் யாரும் விரும்பாத அந்த வேடத்தை ஆண்டுதோறும் தானே ஏற்பதாக நேர்ந்திருக்கிறார். மனைவி பிழைத்தாள். அன்றிலிருந்து ஒரு புனித வாரமும் தவறியதில்லை. புக்கெகோஹியில் காய்கறி பொதி செய்யும் வேலை முடித்து அவ்வளவு தூரம் காரோட்டி வருகிறார். திரைக்குப் பின்னால் குரல் கொடுப்பது அந்த மனைவிதான். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்குப் பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்ய நேரமேது? அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பாள், நடிகர்கள் அதையே திருப்பிச் சொல்லி நடிப்பார்கள். அது அவர்கள் முறை. கைமாறிய துணிப்பை, இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கும் வெள்ளிக்காசுப் பை. பெரிய வெள்ளியன்று எங்கள் சங்கத்தார் எல்லோரும் வர வேண்டும் என்று அழைத்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்கட கூத்தில பழக்கிற அண்ணாவியார் பின்னால நிண்டு அடியெடுத்துக் குடுக்கிறவர். அதுக்கும் நீங்கள் பெட்டிசம் போட்டனீங்களோ?"

உடனே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓர் இளம்பெண் எடுத்தாள். அது நாடக ஒத்திகைதான், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பதிவான புகாரைத் திரும்பப் பெற முடியாது. கோப்பு பரிசீலனைக்கு எடுக்கப்பட்டதும் விசாரணை முடியும்வரை முன்பதிவுகள் நிறுத்தப்படும் என்றாள். நிபந்தனை எண்ணை அவள் தேடிக்கொண்டிருக்க, நானே சொன்னேன். சட்டப்படி என் புகாரும் சரிதான். பிரார்த்தனை என்று எழுதிவிட்டு நாடகம் ஆடுகிறார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்று என்பதற்கு எந்த நிபந்தனையிலும் இடமில்லை.

கோப்பை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். "நாடகம் எப்போது?" என்று திருப்பிக் கேட்டாள். சொன்னேன். "இங்கே நிறைய வேலை. உங்களுடையது அடியில் இருக்கிறது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோப்பு அடியில் இருந்ததா, அவள் அடியில் வைத்தாளா? பெரிய வெள்ளிவரை அதே சந்தேகம். காவலர் எவராவது வந்து மண்டபத்தை மூடுவார் என்று, நாடகம் தொடங்கிய பின்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூதாஸ் மனம் வெதும்பும் கட்டம் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்த குரல் பாதி வரியில் இருமலில் தடுமாறி நின்றது. அவர் மேடையில் தனியாக நின்றார். இத்தனை ஆண்டுகளாக அதே வேடம். அந்த வரி அவருக்குத் தெரியாமலிருக்குமா? ஆனாலும் வாய் திறக்கவில்லை. இருமல் ஓயும்வரை திரைப்பக்கம் தலையைச் சாய்த்தபடி காத்திருந்தார். மண்டபமே அவரோடு காத்திருந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்த குரலில் அந்த வரி வந்தது. அதன் பிறகுதான் அவர் அதைச் சொன்னார். நான் அப்போது வாசலைப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறை கழிந்த புதன்கிழமை, உங்கள் புகார் பரிசீலிக்கப்படுகிறது, நிகழ்ச்சி ஏற்கனவே முடிந்திருந்தால் கோப்பை மூடலாம் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. கீழே பெயர் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றிய சந்தேகம் இன்னும் தீரவில்லை. தீர்த்துக்கொள்ள நினைத்தால் ஒரு கடிதம் போதும், ஆனால் அதை மட்டும் நான் எழுதப்போவதில்லை. ஏனென்றால் என் வாழ்நாளில் தாமதமாக வந்த பதில் ஒன்றுக்கு நான் முதன்முதலாக மனதார நன்றி சொன்னது, அந்தப் புதன்கிழமைதான்.