தப்பிய பந்துக்கு ஒரு புள்ளி

குறி தவறினால் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பி ஓடவேண்டும். எனக்குத் தெரிந்த பந்தாட்டங்களில் எல்லாம் அதுதான் சட்டம். ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் தவறியதற்கும் ஒரு புள்ளி போட்டுக் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாக்காரர்களின் ஆட்டம் அது. முட்டை வடிவப் பந்து; கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், எதிராளியின் தோள்மேல் ஏறிக்கூடப் பறிக்கலாம். அந்த ஆட்டத்துக்கு துபாயில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் கணக்குப்பிள்ளையாக இருந்தேன்.

நாங்கள் குடியிருந்த கராமா பகுதிக்கு மெட்ரோ வராத காலம். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் துபாய்க் கிளையில் ஃபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியே பணம் வரும், ரசீது போகும், என் முகம் போகாது. ஒரு காலை கிளையின் தலைவி கூப்பிட்டார். அவரும் ஆஸ்திரேலியாக்காரர்தான், நெற்றியில் கண்ணாடி, மேஜையில் எப்போதும் ஒரு பெட்டி டிஷ்யூ.

"பையன்கள் ஃபுட்டி கிளப் ஆரம்பித்திருக்கிறார்கள். நீங்கள்தான் பொருளாளர்."

"எனக்கு அந்த ஆட்டம் தெரியாதே, மேடம்."

"நல்லது. தெரிந்தவர்கள் கையில் காசு நிற்பதில்லை."

பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிவிட்டுச் சொன்னார்: "சீசன் முடிவில் கணக்கு மைனஸில் நின்றால் கிளப்பை மூடிவிடுவேன். ஒரு திர்ஹம் மைனஸ் என்றாலும்."

பதினெட்டுப் பேரைத் தேற்றுவதே பெரும்பாடு. ஆஸ்திரேலியப் பையன்கள் ஆறு பேர் இருந்தார்கள். மிச்சம் கேரளம், கராச்சி, கார்ட்டூம். சொந்த ஊர் எது என்று கேட்டால் ஷார்ஜா என்கிற பிள்ளைகள். ஒரு குஜராத்திப் பையன், கணக்கியல் மூன்றாம் ஆண்டு, ஒல்லிக்குச்சி. பந்து எந்தப் பக்கம் வராதோ அந்தப் பக்கம் போய் நிற்பதில் அவனுக்கு ஒரு தனித் திறமை இருந்தது.

மைதானம் கிடையாது. குதிரைமேல் உட்கார்ந்து பந்தடிக்கிறவர்களின் புல்வெளியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தோம். கோலுக்கு இந்தப் பக்கம் நான்கு கம்பம், அந்தப் பக்கம் நான்கு. எங்கள் ஊர்ப்பக்கத்து ஃபோர்மேன் ஒருவர் சைட்டிலிருந்து சாரம் கட்டும் பைப் எட்டு இரவல் கொடுத்தார். நட்டு முடித்ததும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"என்ன சார் இது, பந்தக்கால் மாதிரில்லா இருக்கு. மாப்ள யாரு?"

நான்தான் மாப்பிள்ளை. ஒவ்வொரு கிளப்பும் கோல் நடுவர் ஒருவரைக் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஓடத் தெரியாதவன் எங்கள் பக்கம் நான் ஒருவனே என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கையில் இரண்டு வெள்ளைக் கொடி. நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே பந்து போனால் ஆறு புள்ளி. இரண்டு விரலை நீட்டி, இரண்டு கொடியையும் ஆட்டவேண்டும். குறி தப்பி ஓரத்துக் குட்டைக் கம்பத்தின் பக்கம் போனால் ஒரு புள்ளி. ஒரு விரல், ஒரு கொடி. அதற்குப் பெயர் பிஹைண்ட்.

முதல் வெள்ளிக்கிழமை, பந்து கம்பத்தை உரசினாற்போல் போயிற்று. முப்பத்தாறு பேர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். மூச்சிரைக்க, முழங்காலில் ரத்தத்தோடு, ஆறடி உயரத்து ஆண்கள் என் விரலுக்காகக் காத்து நிற்கிறார்கள். கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த ஊரில் என் விரலுக்காக யாரும் எதற்கும் காத்து நின்றதில்லை. ஒரு விரலை உயர்த்தினேன். கடல் காற்று கொடியைப் பிடுங்கப் பார்த்தது, விடவில்லை. அந்த நொடியில் முடிவு செய்தேன், இந்தக் கிளப்பை மூடவிடக்கூடாது. பையன்களுக்காக என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். பொய்.

ஆனால் சந்தா வரவில்லை. வாரம் ஐம்பது திர்ஹம். கேட்டால் பர்ஸ் ஹாஸ்டலில், ஏடிஎம் கார்டு வேறு பேண்ட்டில். அணித்தலைவன் செம்பட்டை முடி, ஆஸ்திரேலியப் பையன், தோழன்போல் தோளில் கை போட்டு, "நாளைக்கு, மேட்" என்பான். அவனுடைய அந்த நாளை ஒருநாளும் விடியவில்லை.

கராமாவில் எங்கள் கட்டடத்துப் பேச்சிலர் ரூம்களில் மாதம் தவறாமல் ஏலச்சீட்டு ஓடும். முப்பது வருடமாக அந்த ஊரில் நம்மாட்களிடம் காசு புரண்டதே அப்படித்தான். அதை அப்படியே புல்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பத்தொன்பது பையன்கள், கிளப் ஒரு பங்கு; ஆக இருபது பங்கு, இருபது வாரம். வாரத்துக்கு ஆளுக்கு ஐம்பது போட்டால் ஆயிரம் சேரும். முதல் சீட்டு பிடிக்கிறவருக்கு, அதாவது கிளப்புக்கு. அதில் பனியன், பந்து வாங்கியாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து ஏலம். யார் அதிகம் தள்ளிக்கொண்டு எடுக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கு அந்த வாரத்துப் பணம். ஊரில் தள்ளிய தொகையை எல்லாருக்கும் பிரிப்போம். இங்கே அது கிளப்புக்கு. மைதான வாடகை அதிலிருந்து வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து புல்லில் வட்டமாக உட்கார்ந்தார்கள். "நூறு" என்றான் ஒருவன். "நூற்றைம்பது." அணித்தலைவனுக்கு முகம் சிவந்தது. முன்னூறுக்குக் கராச்சிப் பையன் ஏறியதும் இவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"நானூறு!"

கைதட்டல், விசில், முதுகில் அறை. சந்தா ஐம்பது கேட்டால் பர்ஸை மறந்தவன், நானூறை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அறுநூறைக் கையில் வாங்கிக்கொண்டு நெஞ்சில் குத்திக்கொண்டான். வாரா வாரம் இதே கூத்து. எதிரணியிடம் அறுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர்கள், ஏலத்தில் தோற்கச் சம்மதிக்கவே இல்லை.

குஜராத்திப் பையன் மட்டும் வாய் திறக்கவில்லை. முதல் ஏலம் முடிந்ததும் என் பக்கம் நகர்ந்து வந்தான்.

"அங்கிள், கடைசி வாரத்துச் சீட்டுக்குத் தள்ளுபடி உண்டா?"

"இல்லப்பா. மிச்சமிருக்கிற ஆளுக்கு முழுசா ஆயிரம்."

"அப்ப நான்தான் அந்த மிச்ச ஆள்" என்றான். சொன்னதோடு சரி. பத்தொன்பது வாரம் புல்லைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி தோசைத் திருப்பியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"வெள்ளக்காரங்கிட்ட போயி சீட்டு பிடிக்கிய. ஜாமீன் யாரு?"

"எல்லாம் நம்ம காலேஜ் பயலுவதாம் ஏட்டி."

"ஊரு எங்க, லீவுக்கு எப்பப் போறான்னு கேட்டியளா?"

கேட்கவில்லை. கராமாவில் சீட்டில் ஒருவனைச் சேர்க்குமுன் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். லீவு எப்போ? டிக்கெட் போட்டாச்சா? வெள்ளைத்தோலைப் பார்த்ததும் அந்தக் கேள்வி எனக்கு மறந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

டிசம்பரில் பன்னிரண்டாவது சீட்டு முடிந்த வாரம், அணித்தலைவன் இன்னும் இரண்டு ஆஸ்திரேலியர்களோடு என் கவுண்டருக்கு வந்தான். மூன்று பேரும் ஏற்கெனவே சீட்டு எடுத்தவர்கள். ஓட்டை வழியே மூன்று தாள்களை நீட்டினார்கள். 'பாக்கி இல்லை' படிவம். ஒரு பருவம் மட்டும் படிக்க வந்த மாணவர்கள் ஊருக்குத் திரும்பும்போது வாங்கவேண்டியது. ஃபீஸ் பாக்கி இல்லை, நூலகப் பாக்கி இல்லை, கீழே கணக்குப் பிரிவுக் கையெழுத்து. என் கையெழுத்து.

"சீட்டு?" என்றேன்.

"அதைத்தான் ரெண்டாவது வாரமே ஜெயிச்சிட்டேனே, மேட்!"

அவர்கள் ஊர் கிளப்புகளில் வாரா வாரம் குலுக்கல் நடக்குமாம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பெயர் வந்தவனுக்குத் தட்டு நிறைய இறைச்சி. ஜெயித்தவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவ்வளவுதான். இத்தனை வாரமாக நான் சீட்டு நடத்தினேன். அவர்கள் குலுக்கல் ஆடியிருக்கிறார்கள். ஜெயித்த பிறகும் வாரம் ஐம்பது போட்டது கிளப்மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்திருக்கிறான்.

படிவத்தை மேலும் கீழும் பார்த்தேன். நூலகத்துக்குக் கட்டம் இருந்தது, ஆய்வகத்துக்கு இருந்தது. சீட்டுக்குக் கட்டம் இல்லை. பாக்கி ஏதும் இல்லை என்று மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டேன். ஓட்டைக்குள் கையை விட்டு என் கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

மிச்சம் எட்டு வாரம். மூன்று பேருக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு திர்ஹம் பள்ளம். அதோடு, ஏலத்திலும் சூடு தணிந்துவிட்டது. சத்தம் போட மூன்று தொண்டை குறைவு. கணக்கை எப்படிப் போட்டாலும் மைனஸ். கிளப்புக்கு மூடுவிழா. என் இரண்டு கொடியையும் சுருட்டி அலமாரிக்கு மேல் வைக்கவேண்டியதுதான்.

மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த ஃபிளாட்டுக்குக் கேட்டிருக்கும். "சீட்டெடுத்துட்டு ஓடுறதுக்கு நம்மாளுவதான் இருக்காவன்னு நெனச்சேன். வெள்ளக்காரப் பிள்ளயளுக்கும் சொல்லிக் குடுத்துட்டிய."

"சிரிக்காத ஏட்டி. வழி சொல்லு."

"எங்க தெருவுல சீட்டெடுத்து ஓடினவனத் தேடிப் போகமாட்டாவ. அவன் அம்ம வீட்டு வாசல்ல போயி உக்காருவாவ. ஒரு வார்த்த பேசமாட்டாவ. சும்மா உக்காந்திருப்பாவ. மூணாம் நாளு துட்டு வந்துரும்."

ஆஸ்திரேலியாவில் யார் வாசலில் போய் உட்காருவது? ஆனால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் மின்னஞ்சல் இருந்தது. பார்த்தது தப்புதான், பார்த்தேன். மிரட்டல் இல்லாமல், கெஞ்சல் இல்லாமல், சீட்டு என்றால் என்ன என்று மூன்று அம்மாக்களுக்கும் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவும் வாசல்தானே.

மூன்றாம் நாள் அணித்தலைவனின் அம்மாவிடமிருந்து பதில். "எங்கள் மகன் துபாயில் ஏலத்தில் முதல் பரிசு வென்றதாகச் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டோம். அது கடன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவனுடைய பைக்கை விற்கச் சொல்லியிருக்கிறேன்." நானூறு வந்தது. இரண்டாவது வீட்டிலிருந்தும் பேசாமல் நானூறு வந்தது. மூன்றாவது வீட்டில் மூச்சில்லை.

பிப்ரவரியில் அந்த மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு பார்சல். உள்ளே சிவப்புத் தோல் பந்து, புத்தம் புதிது, நல்லெண்ணெய் தடவினாற்போல் பளபளப்பு. கூடவே ஒரு அட்டையில் நான்கு வரி. 'எங்களுக்கு ஆட்டுப்பண்ணை. இந்த வருடமும் மழை இல்லை. கையில் பணம் இல்லை. இது எங்கள் ஊர்க் கடைக்காரர் கடனாகக் கொடுத்தது.' கரிசலில் மழைக்குப் பார்த்திருந்தவர்களின் வீட்டில் பிறந்தவன் நான். வாசலில் போய் உட்கார்ந்தது உறுத்தியது. இரண்டு நாள் அந்தப் பந்தை மேஜைக்கடியில் காலால் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"வித்துரலாம்" என்றாள் மனைவி. "ஏலம் நான் விடுதேன். ஒங்களுக்கு நாக்கு வராது."

கடைசி ஆட்டம். எதிரணி வங்கிக்காரர்கள், சம்பளமும் தொப்பையும் நிறைந்தவர்கள். வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசிக்குச் சற்று முன், பந்து வழிதவறி குஜராத்திப் பையன் நின்ற மூலைக்கே வந்துவிட்டது. ஓட இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். உயரக் கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போயிற்று. நான் ஒரு விரலை நீட்டினேன், ஒரு கொடியை ஆட்டினேன். சீசன் முழுக்க அவன் எடுத்த ஒரே புள்ளி.

"அங்கிள், தப்பிப் போனதுக்கும் கணக்கு உண்டா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"உண்டு. ஒண்ணு!"

ஆட்டம் முடிந்ததும் கடைசிச் சீட்டு. கிளப் பணத்திலிருந்து குறையை நிரப்பி, அவனுக்கு முழு ஆயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு தரம் எண்ணினான். பிறகு மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றாள். பந்தைத் தலைக்குமேல் தூக்கினாள். ஆங்கிலம் பாதி, அரபியில் ஒரு சொல், மிச்சம் அவள் தெருப் பேச்சு.

"இருநூறு! யல்லா, இருநூறுக்கு மேல யாரு? பெரிய பேங்க்ல வேல பாக்கிய, இருநூறுதானா?"

வங்கிக்காரர்களுக்கு அது எந்த மொழியில் புரிந்ததோ. முன்னூறு. முன்னூற்றைம்பது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." எனக்கு வேண்டியது நானூறு. அவளுக்கும் தெரியும். மூன்றாம் தரத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், பந்தைத் துடைத்தாள், இருமினாள்.

"நானூறு."

பத்தொன்பது வாரம் திறக்காத வாய். குஜராத்திப் பையன் ஆயிரத்திலிருந்து நான்கு தாள்களை உருவி நீட்டினான். எல்லாரும் வாய்பிளந்து நிற்க, என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "அங்கிள், ரசீது."

வீட்டுக்கு வந்து கணக்கை முடித்தேன். மூன்று தரம் கூட்டினேன். வரவும் செலவும் பத்துப் பைசா பிசகாமல் ஒன்றை ஒன்று தின்று பூஜ்யத்தில் நின்றன. மனைவி தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முட்டையில முடிக்காதிய. மொய்யே நூத்தியொண்ணுதான வைப்போம்." கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு திர்ஹம் காசை எடுத்துக் கணக்கு நோட்டின்மேல் வைத்தாள்.

சனிக்கிழமை தலைவியின் மேஜையில் கணக்கு. அவர் கண்ணாடியை இறக்கி, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். சீட்டு வரிகளில் நிற்கவில்லை. எனக்கு வியர்த்தது வீண். கடைசி வரியில் விரல் நின்றது.

"மிச்சம் ஒரு திர்ஹமா? இது எங்கிருந்து வந்தது?"

மொய், மனைவி, கடுகு டப்பா என்றெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை.

"பிஹைண்ட், மேடம்."

கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். பிறகு பெட்டியிலிருந்து டிஷ்யூ ஒன்றை உருவி, முகம் மாறாமல், தலைக்குமேல் ஒரே ஒரு தரம் ஆட்டினார்.

அன்று மாலையே ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். பைப்புகளைத் திருப்பிக் கேட்க வேண்டாம், மாப்பிள்ளைக்கு அடுத்த வருடமும் கல்யாணம் இருக்கிறது என்று.