நூற்றுக்கு ஒருத்தி குறைவு

எங்கள் பள்ளியின் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களில் சின்ன வெங்காய வாசனை அடிக்கும். பூலாம்பாடிப் பக்கம் மார்கழியில் வெங்காய அறுவடையும் தேர்வும் ஒன்றாக வந்து சேரும்; விடிவதற்குள் காட்டில் இறங்கி வெங்காயம் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையைச் சரியாகக்கூடக் கழுவாமல் பஸ் பிடித்து ஓடிவந்து பரீட்சை எழுதுகிற பிள்ளைகள்தாம் வகுப்பில் பாதிப்பேர். "பேப்பரத் திருத்துனாலே கண்ணுல தண்ணி வருது, மார்க்கக் கூட்டுனா இன்னும் வருது" என்று கணக்கு சார் சொல்வார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

பெரியப்பா மகள் மணிமேகலையும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் சின்னவர் வீட்டுக் கடைக்குட்டி என்பதால் காட்டு வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அவள் மூத்தவள், ஆகையால் எல்லா வேலைக்கும் அவள்தான். பத்தாம் வகுப்பு அரையாண்டில் நான் தேறினேன், அவள் கணக்கில் போனாள். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அரையாண்டு முடிந்ததும் மாவட்டத்தில் 'மீளாய்வுக் கூட்டம்' நடக்கும். தலைமையாசிரியர்களை ஒவ்வொருவராக எழுப்பி நிற்கவைத்து, எத்தனை பேர் ஃபெயில், ஏன் ஃபெயில், பொதுத்தேர்வில் நூறு சதவீதம் வருமா வராதா என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். நாங்கள் 'பெரிய சார்' என்று கூப்பிடும் எங்கள் தலைமையாசிரியர் அந்த ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டு முகம் கறுத்துத் திரும்பினார். கெட்ட மனிதர் இல்லை, பிள்ளைகள் மேல் பாசமானவர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் பாசமெல்லாம் எங்கே ஓடி ஒளியுமோ தெரியவில்லை.

மறுநாள் பெரியப்பாவுக்கு ஆள் வந்தது. பெரிய சார் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தணிந்த குரலில் சொன்னாராம்: "புள்ள மேல அக்கறை இருக்கப்போயிதான் சொல்றேன். இப்ப எழுதி ஃபெயிலானா மனசு ஒடிஞ்சிடும். டி.சி. வாங்கிக்கங்க. ஒரு வருஷம் வீட்ல இருந்து நல்லாப் படிச்சுட்டு பிரைவேட்டா எழுதட்டும்."

டி.சி. வாங்கினால் அவள் அந்தப் பள்ளியின் கணக்கிலேயே இல்லை. தோற்றாலும் பள்ளிக்குக் கவலையில்லை. வீட்டில் உட்கார்ந்த பெண் அடுத்த வருஷம் புத்தகத்தைத் தொடுவாளா, அதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்களா என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பெரியப்பாவுக்கு மட்டும் அது எட்டவில்லை. வாத்தியார் வாயிலிருந்து வருவது எல்லாமே நல்லதுக்குத்தான் என்று நம்பிய தலைமுறை அவர். "தங்கமான மனுசன்! நம்ம புள்ளைக்குன்னு ஒரு வருஷம் கூடக் குடுத்திருக்காரு" என்று வீட்டில் வந்து பூரித்துப்போனார். பூரிப்போடு நிற்காமல், காட்டில் முதலில் எடுத்த வெங்காயத்தில் நல்லதாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டி, டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் பெரிய சார் அறையில் இறக்கிவிட்டு, டி.சி.யைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மகளை வெளியே அனுப்பியதற்கு நன்றி! 

மணிமேகலை புத்தகங்களை அடுக்கிப் பரணில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அன்று வகுப்பில், "ஒண்ணு கழிஞ்சிச்சி, இனி சென்டம்தான்" என்று வகுப்பாசிரியர் பக்கத்து ஆசிரியரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சாயங்காலம் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

பெரியம்மாவின் அரிவாள்மனை நின்றது. "கழிஞ்சிச்சின்னா சொன்னாரு?"

"ஆமா பெரியம்மா."

பெரியம்மா மறுநாள் காலையில் மகளுக்குத் தலை பின்னி, யூனிஃபார்ம் போடச் சொல்லி, எங்கள் இரண்டு பேரோடு அவளும் மினி பஸ்ஸில் ஏறினாள். பள்ளிக்கூட வாசலை அவள் மிதித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"என்னம்மா இது, அவருதான் ஒத்துக்கிட்டுப் போனாரே" என்றார் பெரிய சார்.

"அவரு வெள்ளந்தி சார். நான் கேக்குறேன், எம்மவ தோத்தா எம்மவதான தோக்குறா, ஒங்களுக்கு என்னா வந்துச்சி?"

"மீட்டிங்ல என்னை எழுப்பி நிக்க வச்சுக் கேக்குறாங்கம்மா. ஒங்களுக்கு எங்க கஷ்டம் தெரியாது."

"நீங்க ஒரு நாளு நிப்பீங்க சார். எம்புள்ள ஆயுசு பூரா நிக்கணுமா?"

அறை வாசலில் ஆசிரியர்கள் கூடிவிட்டார்கள். மூலையில் மூட்டை கட்டு அவிழ்க்காமல் இருந்தது. பெரிய சார் அதைப் பார்த்துவிட்டு, "அதையும் எடுத்துட்டுப் போயிடுங்கம்மா" என்றார்.

"அது மனசாரக் குடுத்தது, வச்சிக்கங்க. புள்ளைய மட்டும் திருப்பிக் குடுங்க."

பெரிய சார் கணக்கு சாரைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ளைய நீங்க பாத்துக்கங்க" என்றார். பெயர்ப்பட்டியல் அனுப்ப இன்னும் நாள் இருந்ததால் டி.சி.யைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மணிமேகலை அடுத்த மூன்று மாதமும் ஜியாமெட்ரி, கிராஃப் என்று கையொடியப் போட்டுப் பார்த்தாள். பெரியம்மா அவளைக் காட்டுப் பக்கமே விடவில்லை. ஆனாலும் மே மாதம் முடிவு வந்தபோது எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் கொஞ்சத்தில் போய்விட்டாள். பள்ளி முழுக்கத் தோற்றது அவள் ஒருத்திதான். ஊரே அவளால்தான் பள்ளியின் மானம் போனதாகப் பேசியது. பெரியம்மா அன்று மகளுக்குச் சோறு போட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பெரிய சார் மறுபடியும் கூட்டத்துக்குப் போனார், மறுபடியும் நின்றார். திரும்பி வந்ததும் அவளை அழைத்துவரச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "அசிங்கப்பட்டாச்சு, இனிமே பயப்பட என்னா இருக்கு? ஒக்காரு, கணக்கப் போடு" என்றார். அவரும் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார்தான் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஜூன் துணைத்தேர்வில் அவள் தேறினாள். பள்ளியின் சதவீதத்தில் அது சேரவில்லை. இன்று திருமழபாடிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் மணிமேகலை பணியாளராக இருக்கிறாள். பத்தாவது தேறாமல் அந்த வேலைக்கு மனுப் போடவே முடியாது.

பெரியம்மா போய்ச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. நான் அரியலூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. இப்போது மீளாய்வுக் கூட்டத்தில் எல்லாம் பெரிய திரையில்தான். தேறாத பிள்ளைகள் பெயர் இல்லாமல் வெறும் சிவப்புக் கட்டங்களாக வந்து போகிறார்கள். பெற்றோருக்குத் தகவல் ஃபோனில் போகிறது, பதிலுக்கு ஒரு கும்பிடு படம் வருகிறது. வாசலில் வந்து நின்று ஏன் என்று கேட்கிற தாய்மார்களை நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

இந்த ஜனவரியில் எங்கள் தலைமையாசிரியை ஒரு பையனைக் குறித்து, "அவன் அப்பா, அம்மா ரெண்டு பேருமே திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காங்க. ஃபோன்லயே சொல்லிட்டேன், சரின்னுட்டாங்க. டி.சி. குடுத்துடலாமா டீச்சர்?" என்று கேட்டார். அவனுக்காகப் பள்ளிக்கு வர யாரும் இல்லை.

"வேணாம் மேடம்" என்றேன். குரல் எனக்கே பெரியதாகக் கேட்டது. "எழுதட்டும். தோத்தா நம்ம ஸ்கூல்லேர்ந்தே தோக்கட்டும். கூட்டத்துல நான் வந்து நிக்கிறேன்."

அவன் எழுதிவிட்டான். முடிவு இன்னும் வரவில்லை.