எஞ்சினுக்கு மேலே ஒரு குரல்

அன்புவழிபுரத்தில் இரத்தினேஸ்வரியின் வீட்டைக் கடந்து பின்னேரங்களில் போகிறவர்களுக்கு, எங்கோ தூரத்தில் ஒரு கப்பல் முனகுவதுபோலக் கேட்கும். கொஞ்சம் நின்றால் முனகலுக்குள் ஒரு மெட்டு இருப்பது தெரியும். இன்னும் கொஞ்சம் நின்றால்தான் அது ஒரு பெண்ணின் குரல் என்று பிடிபடும்.

இரத்தினேஸ்வரி பாட்டுப் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுப்பவள். அவள் பாடத் தொடங்கியது கணவன் கதிரவேலுக்காக. அவன் திருகோணமலைக் கொட்பே மீன்பிடித் துறையிலிருந்து போகும் பலநாள் படகொன்றில் எஞ்சின் பார்க்கிறவன். போனால் திரும்ப மூன்று நான்கு கிழமையாகும். கரை மறைந்ததும் போனில் சிக்னல் செத்துவிடும். கடலில் எல்லா நாளும் ஒரே மாதிரி விடிகிறது, வீட்டில் இன்றைக்கு என்ன நடக்கிறதென்று நினைத்துப் பார்க்கக்கூட ஒரு பிடி இல்லை என்று அவன் ஒருமுறை சொன்னான். அன்றிலிருந்து, அவன் இல்லாத நாட்களில் தான் செய்யப்போவதையெல்லாம் அவள் முன்கூட்டியே பாடி, அவன் போனில் ஏற்றி அனுப்பினாள். திங்கட்கிழமை குழாய் திருத்துவது, சின்னவளின் ஆடுகிற பல்லைக் காட்டப் போவது, எல்லாம் பாட்டில் வரும். பிள்ளையின் கதை தாலாட்டு மெட்டில் போகும், வீட்டு வேலை ஊஞ்சல் மெட்டில். அவனில் கோபமென்றால் ஒப்பாரி மெட்டு.

படகில்தான் சிக்கல் வந்தது. எஞ்சின் பார்க்கிறவன் காதை அடைக்கக்கூடாது, எஞ்சினின் சத்தம் மாறுவதை அவன்தான் முதலில் கேட்க வேண்டும். அதனால் இயர்போனைக் காதுக்குள் செருகிக் கேட்க வழியில்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எஞ்சின் அறையில் தொங்கவிட்டான். குறைத்து வைத்தால் எஞ்சின் குரலை விழுங்கியது. கூட்டி வைத்தால் மேல்தட்டு வரைக்கும் சொல் சொல்லாகப் போனது. வலை இழுக்கிற கிண்ணியா அன்ஸார், “கதிரவேல் அண்ணன், இண்டைக்குக் குழாய் திருத்துற நாளெல்லோ?” என்று தினமும் தலையை உள்ளே நீட்டினான். பல்லைப் பற்றி ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். கதிரவேல் ஸ்பீக்கரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டான்.

“இனிப் பாடி அனுப்பாத, ரத்தினம்,” என்றான் வீட்டுக்கு வந்து. “எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிப் பாட ஏலாதுதானே.”

அவன் குளிக்கப் போன நேரத்தில் அவள் அலுமாரியைத் திறந்தாள். கலியாண வீடுகளுக்குக் கிட்டார் வாசித்த தம்பி கோணேஸ்வரன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன மைக்கும் மிக்ஸரும் அங்கே இருந்தன. கூடவே காலால் மிதிக்கிற இரண்டு இரும்புப் பெடல்களும். ஒன்று கிட்டாரின் ஒலியைக் கரகரவென்று உடைப்பது. மற்றது எதிரொலி எழுப்புவது.

தம்பி போனில் சிரித்தான். “அக்கா, அது கிட்டாருக்கு. உங்கட தொண்டைக்கு இல்லை.” சிரித்து முடிந்ததும் முறையைச் சொன்னான். மைக்கை நேரே பெடலில் கொடுத்தால் குரல் எட்டாது. மிக்ஸர் வழியாக வரவேண்டும். ஆனால் மிக்ஸரின் சத்தத்தை நன்றாக இறக்கிவிட வேண்டும், பெடல் எதிர்பார்ப்பது கிட்டாரின் மெல்லிய ஒலியைத்தான்.

முதல் பதிவில் மின்விசிறி புயலாக வந்தது, முற்றத்துக் காகம் யானையாகப் பிளிறியது. கரகரப்பு சின்னச் சத்தத்தையெல்லாம் தூக்கிப் பெரிதாக்கிவிடும் என்று அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் துணிச் சுருள்களால் அடைத்து, வியர்க்க வியர்க்கப் பாடினாள். போட்டுக் கேட்டபோது அவளுக்கே சில்லிட்டது. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற விளக்கைப்போல இருந்தது குரல். ஓரங்கள் பிய்ந்து கலங்கின, நடுவில் வெளிச்சம் அப்படியே நின்றது. சொற்கள் கரைந்துவிட்டன, மெட்டு மிஞ்சியது; அவள் பாட்டுப் பழகிய காதுக்கு மட்டும் மெட்டுக்குள் சொல் தட்டுப்படும். இந்தக் குரலை அவளுக்கு முன்பே தெரியும்போல இருந்தது, நித்திரை வருகிற நேரத்தில் தனக்குள் கேட்கிற குரல்.

எஞ்சினோடு சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். படகைச் செலுத்தும் தண்டல் அபூதாஹிர் தன் படகில் பெண்கள் கால்வைக்க விடமாட்டார். அவள் துறை மேடையில் நின்று, படகு கட்டியிருக்க ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சத்தத்தைப் போனில் பிடித்து வந்தாள். அதற்கு ஏற்றாற்போலப் பாடி அனுப்பினாள்.

அந்தப் பயணத்தில் நடந்ததை அவன் திரும்பி வந்து சொன்னான். திருகோணமலையே கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் பாட்டைப் போட்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் வேறு வேலையில் பாட்டை மறந்துவிட்டான். திடீரென்று எஞ்சினுக்குள் ஒரு ஊளை. பெயரிங் போய்விட்டதாக்கும் என்று பதறி எஞ்சினை நிறுத்தினான். படகு அலையில் பக்கவாட்டாகச் சரிய, எல்லோரும் ஓடிவந்தார்கள். அமைதியான எஞ்சின் அறையில் இரத்தினேஸ்வரி மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

தண்டல் ஏசவில்லை. இன்னொரு தரம் எஞ்சின் நின்றால் அந்த ஸ்பீக்கர் பெட்டி கடலுக்குள் போகும் என்று மட்டும் சொன்னார்.

“எஞ்சின்ர குரலும் உன்ர குரலும் ஒண்டாக் கிடந்தது,” என்றான் கதிரவேல். “எது நீ எண்டு எனக்கே தெரியேல்ல.”

“கட்டிக் கிடக்கிற எஞ்சினைக் கேட்டெல்லோ பாடினனான்,” என்றாள் அவள். “ஓடுற எஞ்சினை நீங்கள் பிடிச்சுத் தாங்கோ.”

அடுத்த பயணத்தில் அவன் பாட்டில்லாமல் போனான். வரும்போது முழு வேகத்தில் ஓடும் எஞ்சினைப் போனில் கொண்டுவந்தான். அவள் அதைத் தையல் அறையில் நாள் முழுக்க ஓடவிட்டு, அதற்குள்ளேயே சட்டைகளுக்குக் கைவைத்துத் தைத்தாள். போகப்போக இரைச்சல் ஒரு இடமாக விரிந்தது. அடியில் கனத்த உறுமல். உச்சியில் தகரம் நடுங்குகிற கலகலப்பு. இரண்டுக்கும் நடுவே, வளைகுடாவில் காற்று விழுந்த மத்தியானம்போல, ஆளில்லாத ஒரு வெளி. அங்கேதான் பாட வேண்டும். மிக்ஸரில் குரலின் அடிக்கனத்தை வெட்டிவிட்டுப் பெடலுக்குக் கொடுத்தாள். எதிரொலியை மெட்டு குழம்பாத அளவுக்குக் குறைத்தாள். வழக்கத்தைவிட உயரத்தில் பாடினாள்.

படகு புறப்பட்டது ஒரு பின்னேரம். கச்சான் காற்று ஓய்ந்து, துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் பூசியதுபோல அசையாமல் கிடந்தது. அவள் மேடையில் நின்றாள். கயிறு அவிழ்ந்ததும் எஞ்சின் சத்தம் ஏறியது. அந்த உறுமலுக்கு மேலே, உறுமலைத் தொடாமல், ஸ்பீக்கரிலிருந்து அவளுடைய குரல் எழுந்தது. யார் குரலென்று சொல்ல முடியாத குரல். அன்ஸார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “இதென்ன அண்ணன், பூனை ஏதும் உள்ள மாட்டிட்டுதா?” என்று கேட்டது மேடைக்கும் கேட்டது. தண்டல் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சுக்கானோடு நின்றுகொண்டார். எஞ்சின் நிற்கவில்லை.

பாட்டு தாலாட்டில் தொடங்கி ஊஞ்சலுக்கு மாறியது. சின்னவளின் புதுச் சப்பாத்து போய், வளவு வாசல் படலைக்கு நிறம் பூசப்போகிற இடம் வந்தது. கதிரவேல் எஞ்சின் அறையிலிருந்து மேலே ஏறி வந்தான். கையிரண்டையும் வாயருகே குவித்தான்.

“பச்சை வேண்டாம்!”

அன்ஸார் அவனையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தான். “என்னண்ணன் பச்சை?”

“பச்சைதான் பூசுவன்,” என்று இரத்தினேஸ்வரி கத்தினாள். படகு வெகுதூரம் போயிருந்தது. அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்துச் சாய்ந்தான், கேட்கவில்லை என்று தலையை அசைத்தான். அவள் இன்னொருமுறை கத்தவில்லை.